தோளுக்குத் தெரியாத எடை

பல் தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியை எதற்காகப் பாதியாக வெட்ட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாப்பிள்ளை வெட்டுவார். சமையல்கட்டில் இருக்கிற சின்னத் தராசைக் கூடத்துக்கு எடுத்து வந்து தரையில் வைத்துக்கொள்வார். பிரஷ், சாக்ஸ், சட்டை, கரண்டி என்று ஒவ்வொன்றாக அதில் ஏறி இறங்கும். சட்டைக் கழுத்தில் இருக்கிற துணி லேபிளைக்கூட பிளேடால் பிரித்து எடுத்துவிடுவார். பை வாரில் தொங்குகிற நுனியை நறுக்கிவிட்டு, நூல் பிரியாமல் இருக்க நெருப்பில் காட்டுவார். ஒருநாள் கரண்டிக் காம்பில் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன மாப்பிள்ளை, புல்லாங்குழலா?" என்று கேட்டேன்.

சிரித்தார். என் மகள், "நீங்க வேறப்பா. என்னையே தராசுல ஏறச் சொல்லாம விட்டாரேன்னு இருக்கேன்" என்றாள்.

மலையில் நடப்பது அவருக்குப் பைத்தியம். முதுகில் எடை குறையக் குறைய நடை கூடும் என்பது அவர் கணக்கு. நான் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

எனக்குப் படிப்பு இல்லை. சட்டை தைக்கிற ஒரு பெரிய தொழிற்சாலையின் வாசலில், வேலை விட்டு வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது என் வேலை. தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் நூல்கண்டு இருக்கும். குடை மடிப்பில் பட்டன் இருக்கும். குழந்தைக்கு வாங்கிய பொம்மையின் வயிற்றில் லேஸ் இருக்கும். முகத்தைப் பார்த்து நான் ஒருவரையும் விட்டதில்லை. நல்ல முகம் வைத்திருக்கிறவன்தான் அதிகமாக எடுத்துப் போவான். "உங்களுக்கு என்மேலயும் நம்பிக்கை இல்ல" என்று என் மனைவி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பிக்கை இருந்தது. பார்த்த பிறகு இருந்தது.

அவள் போன பிறகு மகள் வீட்டில், பின்பக்கத்து அறையில் இருந்தேன். இந்த வருஷம் மாப்பிள்ளைக்கு வேலை வேறு ஊருக்கு மாறியது. அங்கே கிடைக்கிற வீடுகள் சின்னது என்று பேச்சு வந்தது. மகள் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை நீட்டினாள். வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடமாம்.

"பாருங்கப்பா, தோட்டமெல்லாம் இருக்கு. உங்க வயசுக்காரங்க நிறைய பேர். பேச்சுத்துணைக்குக் குறைவே இல்ல."

"எனக்கு எதுக்குப் பேச்சுத்துணை? நான் யார்கிட்ட பேசறேன்?"

"அதுக்குத்தாம்பா சொல்றேன்."

உள்ளே இருந்து மாப்பிள்ளை, "சும்மா பார்த்து வைன்னுதான் சொன்னேன். மலைக்குப் போயிட்டு வந்து நிதானமா முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

அந்தப் படத்தில் கட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரே மாதிரி பெட்டி. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று பெற்ற பெண்ணிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவள் ஒரு நொடி யோசித்துவிட்டால் அதற்கப்புறம் என்ன இருக்கிறது? மலைக்குப் போய்விட்டு வந்து முடிவு என்றார் அல்லவா, அதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

மாப்பிள்ளையோடு வழக்கமாக மலைக்கு வருகிற நண்பருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் வருகிறேன் என்றேன். மகள் வாயைப் பிளந்தாள். தொழிற்சாலை மதில்சுவரைச் சுற்றி வருஷக்கணக்கில் நடந்தவன் நான் என்றேன். மாப்பிள்ளை என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பை லேசா இருந்தா யாரும் ஏறலாம். மாமா வரட்டும், நல்லதுதான்" என்றார்.

அன்றைக்கு என் பையை அவர் கொட்டிப் பார்த்தார். கம்பளி வெளியே போனது. மாற்றுச் செருப்பு வெளியே போனது. என் இரும்பு டார்ச்சைத் தூக்கிக் காட்டி, "இதை வெச்சு யாரை அடிக்கப் போறீங்க மாமா?" என்றார்.

"வர்றவனை."

"அங்க யாரும் வர மாட்டாங்க."

என் பையை இன்னொருவர் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கிளம்புகிற காலை அவர் குளிக்கப் போனபோது நான் அவர் பையைத் திறந்தேன். பழக்கம், அவ்வளவுதான். அப்படி ஒரு பையை நான் என் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. எல்லாமே ஒன்று ஒன்றாக இருந்தது. மாற்று என்று எதுவும் கிடையாது. அடுப்புகூட இல்லை, தானியத்தைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்பதாம். தொழிற்சாலையில் ஒருத்தன் ஒரு நூல்கண்டை எடுத்தால் அங்கே இன்னும் ஆயிரம் இருக்கும், யாருக்கும் தெரியாது. இதிலே எதை எடுத்தாலும் அது இருந்த இடம் காலி. பக்கத்து உறையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பை இருந்தது. அதற்குள் ஒரு லைட்டர், ஒரு விசில், பிரித்தால் ஆளையே மூடுகிற பளபளப்பான தாள். ஆபத்துக்கு என்று வைத்திருப்பது. மொத்தமும் ஒரு எலுமிச்சம்பழ எடை இருந்தால் அதிகம்.

அதை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

என் எண்ணம் இதுதான். மலையில் ஏதாவது ஒரு இக்கட்டு வரும். மாப்பிள்ளை பையைத் துழாவுவார். இருக்காது. நான் மெதுவாக என் சட்டைக்குள் கையை விட்டு, இதுவா பாருங்க, கூடத்திலேயே விட்டுட்டீங்களே என்று நீட்டுவேன். திரும்பி வந்ததும் அவர் என் மகளிடம், மாமா இல்லைன்னா அவ்வளவுதான் என்பார். அந்த ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்கப்புறம் என்னைக் கட்டில் வரிசையில் கொண்டுபோய் விட மாட்டார்கள். அவர் கண்டுபிடிப்பார் என்ற பயம் எனக்கு இல்லை. ஒரு பொத்தான் எடை கூடினால் கண்டுபிடிக்கிற மனிதர், குறைந்தால் சந்தோஷப்படுகிற மனிதர். பையைத் தோளில் மாட்டியதும், "இன்னிக்கு இன்னும் லேசா இருக்கே" என்றுதான் சொன்னார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் இதமாக இருந்தது, பாதை நன்றாக இருந்தது. அவர் எனக்காக மெதுவாக நடந்தார். தண்ணீர்தான் இருப்பதிலேயே கனம், என் பங்கையும் அவரே சுமந்தார். அவருக்கு எதுவுமே தேவைப்படவில்லை. ராத்திரி கூடாரத்துக்குள் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இப்படியே ஏறி இறங்கி வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

மறுநாள் மதியத்துக்கு முன்னால் பனிமூட்டம் இறங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவர் தானாகவே சொன்னார்:

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாமா. அங்க மூணு ரூம் வீடு ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். அவளுக்கு இன்னும் சொல்லல. உங்க ரூம் ஜன்னல்ல இருந்து வாசல் தெரியும். வர்றவங்க பையை எல்லாம் நீங்க சோதிக்கலாம்."

நானும் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. பையில ஒண்ணும் இல்லீங்க என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வீடு பேசியிருந்தது நிஜம்தான் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். நான் பார்க்கவில்லை.

பாதை தெரிகிறதா என்று பார்க்க அவர் கொஞ்ச தூரம் போனார். தண்ணீர் பாட்டில்களை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் மூடியைத் திறந்து இரண்டையும் பாறைக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டேன். அவர் திரும்பி வந்ததும், மூடி சரியில்லை போல மாப்பிள்ளை, கொட்டிப் போச்சு என்றேன்.

"பரவாயில்ல மாமா. கீழ ஓடை சத்தம் கேக்குது. நீங்க உட்காருங்க, நான் பிடிச்சிட்டு வந்துடறேன்."

பையோடுதான் போனார். முதுகில் இருப்பதே தெரியாத பையை யார் கழற்றி வைப்பார்கள்? பனியில் வழி தவறி, பயந்து, விசிலைத் தேடுவார், நான் இங்கிருந்து விசில் ஊதி வழி காட்டுவேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

கல் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டதாம், எலும்பு உடைந்துவிட்டதாம், இடுப்புவரை தண்ணீராம். அந்த இடத்தில் ஃபோனும் எடுக்காது. உடனே இன்னொன்றும் சொன்னார். "நீங்க இறங்காதீங்க மாமா, ரொம்ப வழுக்குது. அங்கயே இருங்க." இறங்க வேண்டாம் என்று சொன்னது அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பதில் கொடுக்கவில்லை. கேட்டவுடனே கொடுக்கிற பொருளுக்கு மதிப்பு கிடையாது. கொஞ்சம் தேடட்டும் என்று இருந்தேன். பையைக் கொட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மாமா, அந்தச் சிவப்புப் பை உங்ககிட்ட வந்திருக்கா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம் என்றால், எப்படி வந்தது என்று கேட்பார். வாசலில் மாட்டிக்கொண்டவர்களின் முகம் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள் என்று சொல்லத்தான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும், சரியான வார்த்தை வந்துவிடும் என்று காத்திருந்தேன்.

மழை பிடித்தது. பளபளப்புத் தாளைப் பிரித்துப் போர்த்திக்கொண்டேன். இவ்வளவு மெல்லிய தாள் இவ்வளவு சூடு கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேலே இருக்கிற பாதையில் ஆட்கள் போனார்கள். பேச்சும் சிரிப்பும் கேட்டது, இளவட்டங்கள். கீழே மாப்பிள்ளை கத்தியது ஓடைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது. விசில் கேட்டிருக்கும். விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். எச்சிலின் ஈரம்கூடப் பட்டது. ஆனால் அவர்கள் இறங்கிப் போய்த் தூக்கினால், காப்பாற்றியது அவர்கள் என்று ஆகிவிடும். அவர்களுக்குப் போக வேறு வீடு இருக்கிறது, எனக்கு இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது? பேச்சுச் சத்தம் ஓயும்வரை விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை சார். விசிலில் பல் பதிந்திருக்கும், பாருங்கள்.

பொழுது சாயச் சாய அவர் குரல் மெலிந்தது. திட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. மாமா, மாமா என்று மட்டும், தூங்கப் போகிற குழந்தை சொல்கிற மாதிரி. அந்த வீட்டில் என்னை ஒருத்தரும் அவ்வளவு நேரம் கூப்பிட்டது கிடையாது. பிறகு நின்றுவிட்டது.

விடிந்து வெளிச்சம் வந்ததும் இறங்கினேன். அவ்வளவு ஒன்றும் வழுக்கவில்லை. தாளை மடித்து, சிவப்புப் பையில் போட்டு, அவர் பையின் உறையிலேயே வைத்தேன். எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன், அதனால் அது திருட்டு ஆகாது. பை முழுக்க நனைந்திருக்க, சிவப்புப் பை மட்டும் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வாசலில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

தண்ணீரைக் கொட்டியது நான். பையை எடுத்தது நான். அந்த ஆட்களைப் போகவிட்டது நான். அவர் செத்தது என்னால்தான். மறைக்க ஒன்றும் இல்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள் சார். மகள் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகணும். இனிமேல் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.