டிராய் நகரில் நம் மிளகு இல்லை

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும், டாலஸ் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இருபது ஆண்டுகளாக அங்கிளாக விளங்கும் ஐயா அனந்தராமன் அவர்களே! மேடையை அணிசெய்யும் சான்றோர்களே! பிளானோவிலிருந்தும் ரிச்சர்ட்சனிலிருந்தும் டோல்வே சாலை நெரிசலைக் கடந்து, ஒரு கையில் சாம்பார் சாத ட்ரேயும் மறுகையில் பிள்ளையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! சாப்பாட்டு வரிசை எப்போது தொடங்கும் என்று பின்வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! தமிழ்ப் பள்ளியின் தங்கங்களே! உங்கள் அனைவரையும் வசந்தாமணி வணங்குகிறேன்.

'டிராய் போர்: கதையா, வரலாறா?' இதுதான் என் தலைப்பு. "போன வருஷமும் இதேதானே!" என்கிறார் முன்வரிசையில் ஒருவர். ஆமாம் ஐயா, இதேதான். நானே கேட்டு வாங்கிய தலைப்பு. போன ஆண்டு இந்த மேடையில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன். உட்காருங்கள், உட்காருங்கள், பூரி ஆறாது.

முதலில் கதையைக் கேளுங்கள். பேரழகி ஒருத்தி கடல் கடந்து போனாளாம். அவளை மீட்க ஆயிரம் கப்பல்கள் புறப்பட்டனவாம். பத்தாண்டுகள் முற்றுகை. பாயாத அம்பில்லை, பதறாத நெஞ்சில்லை. முடிவில் ஒரு மரக்குதிரை, அதன் வயிற்றுக்குள் வீரர்கள், உறங்கிய ஊர், எரிந்த கோட்டை! கிரேக்கப் பாணர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் பாடல் முழுவடிவம் பெற்ற காலத்துக்கும் இடையே சுமார் ஐந்நூறு ஆண்டுகள்!

சரி, மண் என்ன சொல்கிறது? இன்றைய துருக்கியில், கடலிடுக்கின் அருகே ஒரு மேடு. அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது ஊர்கள். ஓர் ஊர் அழிந்தது, அதன்மேல் ஓர் ஊர் எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானிய வணிகர் வந்தார். அவருக்கு ஆர்வம் உண்டு, பணம் உண்டு, பொறுமைதான் இல்லை. மேட்டின் நடுவே பெரும்பள்ளம் வெட்டினார். அடியில் பொன்நகை கிடைத்தது. 'இதோ டிராய் அரசனின் புதையல்' என்று உலகுக்கு அறிவித்தார். உலகம் கைதட்டியது. பிறகு தெரிந்தது, அந்த நகை அந்தப் போருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது! அவசரத்தில் அவர் வெட்டி வெளியே கொட்டிய மேலடுக்குகளில்தான், அவர் தேடிவந்த காலத்துச் சுவர்களில் பல இருந்தன.

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? இல்லை. பின்னால் வந்தவர்கள் நிதானமாகத் தோண்டினார்கள். ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கு ஒன்றில் தீயின் தடம் இருந்தது, அம்பு முனைகள் இருந்தன, கவண்கற்கள் இருந்தன. பக்கத்துப் பேரரசின் களிமண் ஏடுகளில் விலுசா என்றொரு நகரத்தின் பெயர் வருகிறது. அதுவே டிராய் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஊர் உண்மை. தீ உண்மை. ஏதோ ஒரு போர் நடந்திருக்கலாம். பத்தாண்டுகள் நடந்ததற்குச் சான்று உண்டா? இல்லை. மரக்குதிரைக்கு? ஒரு சிராய்கூட இல்லை. தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தானே வரலாறு என்று பெயர்?

போன ஆண்டு நான் அப்படியா சொன்னேன்? "எரிந்த டிராய் அரண்மனையின் சாம்பலிலே எங்கள் மிளகு கிடைத்தது! கிரேக்கன் குதிரையைக் கட்டும் முன்னே தமிழன் கப்பலைக் கட்டினான்!" என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. விசில்கூட வந்தது. மிளகுச் செய்தி எங்கிருந்து வந்தது? வாட்ஸ்ஆப்பில் வந்தது. அத்தோடு விட்டேனா? கைத்தட்டல் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தது. "அகழாய்வு அறிக்கை, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு!" என்றேன். அந்தப் பக்க எண் வாட்ஸ்ஆப்பிலும் இல்லை. இந்த மைக்கின் முன்னால் நின்றபடி நானே கட்டியது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மூன்று வாரத்துக்கு முன்பு வரை.

நம் தமிழ்ப் பள்ளியில் படித்த கயல், இப்போது ஹைஸ்கூலில் பத்தாம் வகுப்பு. உலக வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுதியிருக்கிறாள். டிராயும் மிளகும்! ஆதாரம்: அகழாய்வு அறிக்கை, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவளுடைய ஆசிரியர் தன் கடமையைச் செய்தார், அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பானை ஓட்டு அளவுகள்தான் இருந்தன. இல்லாத ஆதாரத்தை இட்டுக்கட்டினாள் என்று கயல்மேல் குற்றச்சாட்டு. வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. உறுதியானால் அவளுடைய பள்ளிப் பதிவில் அது நிற்கும்.

அவள் அம்மா சாந்தி என்னைக் கூப்பிட்டார். "அக்கா, புள்ள ஒழுங்கா சாப்பிடவே மாட்டேங்கறா. நீங்க மேடையில சொன்னதைத்தானே எழுதினா?" ஓடினேன். கயல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஆன்ட்டி, யூ கேவ் அ பேஜ் நம்பர். பேஜ் நம்பர் குடுத்தா... ஹூ லைஸ் அபவுட் அ பேஜ் நம்பர்?"

பக்க எண்ணில்கூடவா ஒருவர் பொய் சொல்வார் என்கிறாள். வெட்கமாக இருந்தது. ரிச்சர்ட்சனில் சிப் வடிவமைப்பைச் சரிபார்ப்பது என் வேலை. அடுத்தவர் பிழையை நாள் முழுக்கத் துருவித் துருவித் தேடுகிறவள் நான். தமிழ் மேடை ஏறியதும் அந்தச் சரிபார்ப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேனே, ஏன்? 'நம்ம பெருமைதானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்ற அலட்சியம்! இந்த அலட்சியம் எனக்கு மட்டுமா?

நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவில் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள். "மேடம், உங்க போன வருஷப் பேச்சு வீடியோவை சைலன்ட்டா டெலீட் பண்ணிடலாம். ஆனுவல் டே மேடையில இதெல்லாம் எதுக்கு? சங்கத்துக்குத்தான் கெட்ட பேரு." நான் மறுத்தேன். அந்த வீடியோ போனால், கயல் எங்கிருந்து எடுத்தாள் என்பதற்குச் சாட்சி எது? சங்கத்தின் பெயரைக் காப்பாற்ற, சங்கத்தை நம்பிய பிள்ளையைப் பலிகொடுப்பதா? அதற்கா ஞாயிறு தோறும் நாம் பள்ளி நடத்துகிறோம்?

தலைவர் மணி அடிக்கிறார். ஐயா, நேரம் முடிந்தது எனக்கும் தெரியும். மன்னியுங்கள், இதை முடிக்காமல் இறங்க மாட்டேன்.

யவனக் கப்பல்கள் நம் கரைக்கு மிளகு தேடி வந்தது உண்மை. ஆனால் அது டிராய் எரிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கீழடியில் அடுக்கடுக்காக, அங்குலம் அங்குலமாக மண்ணை நீக்குகிறார்கள். ஆதன் என்று பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஒருவன் அங்கே எழுந்து வருகிறான். கோட்டை கட்டியவன் அல்லன், கொடி நாட்டியவன் அல்லன், எழுதத் தெரிந்தவன்! அவனுக்கு என் பொய் தேவையா? நான் ஒரு பொய் சொன்னால், அடுத்து நான் சொல்லும் ஆதனையும் அல்லவா உலகம் சந்தேகிக்கும்? பெருமை பேசப் பொய் வேண்டுமென்றால், அது என்ன பெருமை?

மதன் தம்பி, கேமரா ஓடுகிறதா? "ஓடுது ஆன்ட்டி." நல்லது. கொஞ்சம் கிட்டே வா. விசாரணைக் குழுவுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பொய்யைத் தமிழில்தானே சொன்னேன்? திருத்தத்தையும் தமிழில் சொல்கிறேன். டிராய் நகரில் தமிழ் மிளகு கிடைத்ததாக நான் சொன்னது பொய். பக்க எண் என் கற்பனை. கயல் எதையும் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியவள் வசந்தாமணி. பழைய வீடியோ இருக்கும் இடத்திலேயே, அதன் தலைமாட்டிலேயே இந்தத் திருத்தமும் இருக்கும். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். கயலுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

ஐயா தலைவர் எழுந்து நிற்கிறார். நிறுத்தச் சொல்கிறீர்களா ஐயா? என்ன... மைக்கில் சொல்லுங்கள்.

"அந்த வாட்ஸ்ஆப் மெசேஜை உனக்கு ஃபார்வர்டு பண்ணது நான்தாம்மா. செவ்வாய்க்கிழமை நானும் வர்றேன். இன்னொரு நாற்காலி போடச் சொல்லு."

கேட்டீர்களா? இதற்குத் தட்டுங்கள் கையை! போன ஆண்டு எனக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டுங்கள்!

கயல், நீ மூன்றாவது வரிசையில் இருப்பது தெரிகிறது. இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடம்மா.

பசியோடும் பொறுமையோடும் கேட்ட பெரியோர்களுக்கும், மணியைக் கீழே வைத்துவிட்ட தலைவருக்கும், மேடை தந்த சங்கத்துக்கும் என் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். இன்று நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள். பிழை இருந்தால் வரும் ஞாயிறு பள்ளிக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். காத்திருக்கிறேன். வணக்கம்!