துண்டுக்கோடு

ஓர் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கோடு போட வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படுவதில் தப்பில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஆளுக்கொரு பாணி. ஒருவர் விட்டு விட்டுப் போகும் துண்டுக்கோடு போட்டால் மேலே உத்திரம் என்று பொருள். அடுத்த மேசைக்காரர் அதையே போட்டால் கதவு. மென்பொருளில் கோட்டு வகைகளின் பட்டியலே நீண்டுகொண்டு போயிற்று. அதைச் சீர்செய்யும் வேலையைத் தலைவர் என்னிடம் ஒப்படைத்தார்.

நான் அதை மனசாரச் செய்தேன். தடித்த கோடு சுவர், மெல்லிய கோடு அளவு, துண்டுக்கோடு இடிக்க வேண்டியது. ஒரு கோட்டுக்கு ஒரு பொருள். பழைய வரைபடங்களையும் இந்த முறைக்கு மாற்றினேன்.

எனக்குக் கிடைத்த பட்டம், 'கோட்டுச்சாமி'. வைத்தவர் என் தங்கையின் கணவர். எங்கள் நிறுவனத்தின் சைட் இன்ஜினியர். கலகலப்பான மனிதர். குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தாலும், "கோட்டுச்சாமிக்கு நேர்கோட்டுல பரிமாறுங்கப்பா" என்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

பழைய மருத்துவமனை ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. அதன் வரைபடத்தில், மேல்தளத்தைத் தாங்கும் நடுச்சுவரை யாரோ துண்டுக்கோட்டில் போட்டிருந்தார்கள். அதன்மேல் உத்திரம் இருப்பதைக் காட்ட அந்தக் காலத்தில் அப்படி ஒரு பழக்கம். என் முறைக்கு மாறியதும் அது இடிக்கிற சுவராகிவிட்டது.

வரைபடம் போடும் பெண்தான் முதலில் பார்த்தாள். முகம் வெளுத்து என் மேசைக்கு வந்தாள்.

"சார், இது தாங்குற சுவரு. இப்படியே போச்சுன்னா இடிச்சிடுவாங்க சார்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. மாற்றாமல், அங்கே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை கணவருக்கு அனுப்பினேன். அப்போது என் எண்ணத்தில் கெடுதல் எதுவும் இல்லை. அவருக்குச் சந்தேகம் வரும், என்னிடம் கேட்பார், ஒரு தடவையாவது சிரிக்காமல் கேட்பார் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கேட்டார். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பின்னால் சம்மட்டிச் சத்தம்.

"மச்சான், நடுச்சுவரு துண்டுக்கோட்டுல வந்திருக்கு. மேல உத்திரம்ங்கறீங்களா, இடிக்கச் சொல்றீங்களா?"

"நம்ம முறைப்படி படிங்க மாப்பிள்ளை."

"அப்படிப் பாத்தா இடிக்கணும். எனக்கென்னமோ பயமா இருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சிரிப்பே இல்லாத அவர் குரலை அன்றுதான் கேட்டேன். நன்றாக இருந்தது.

"கோடு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க" என்றேன்.

போனை வைத்தேன். திரும்பக் கூப்பிட எண்ணை எடுத்தேன். அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் திரும்பி என்னையே பார்த்தாள். "பேசிட்டீங்களா சார்?" என்றாள். பேசிவிட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

மேல்தளம் விழுந்ததில் அவரும் கூடவே இரண்டு தொழிலாளர்களும் போய்விட்டார்கள். செய்தி வந்ததும் எல்லோரும் அலறிக்கொண்டு படியிறங்கினார்கள். நான் மட்டும் இருந்து, அந்தச் சுவரைத் தடித்த கோடாக மாற்றினேன். தவறு என்று தெரிந்த பிறகு அப்படியே விடக்கூடாதல்லவா.

அந்தப் பெண் அதற்குப் பிறகு எனக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. மேசையைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுகிறாள். என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படுவது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

தங்கைக்குத் தனியாக இருக்கப் பயம். சின்னச் சத்தம் கேட்டாலும் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். அவள் வீட்டிலேயே நான் தங்கிக்கொண்டேன். "நீ பக்கத்துல இருக்கறதாலதாண்ணா கண்ண மூடறேன்" என்கிறாள். அவள் தூங்கும்வரை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

உங்கள் விசாரணை என்மேல் திரும்பவே இல்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நேற்று தலைவர் எல்லோரையும் கூப்பிட்டு, "இந்தப் புது முறையே வேணாம். கோடு குழப்பினதாலதான் மூணு பேர் செத்தாங்க. பழையபடி அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அது உண்மையில்லை. கோட்டில் ஒரு குழப்பமும் இல்லை. அந்தச் சுவர் எது, இடித்தால் என்ன ஆகும், கீழே யார் நிற்பார் என்று எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்துதான் இடிக்கச் சொன்னேன். அவர்களைக் கொன்றது நான். தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்; என் முறையில் பிழை இல்லை என்பதையும் சேர்த்து.