வெளித்தாழ்ப்பாள்

தலைமை ஏற்றிருக்கும் ஆணையர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, நேற்று நடைபாதையில் படுத்திருந்து இன்று நம் குடியிருப்பையே முகவரியாகச் சொல்லும் என் உறவுகளே, குடியிருப்பின் பொறுப்பாளராக இருந்து இன்றோடு பணி ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களே! வணக்கம்.

“சுருக்கமா பேசு” என்கிறார் பின்வரிசை அண்ணன். ஒரே ஒரு கதவின் கதைதான் அண்ணே.

வீடற்றோர் குடியிருப்பைத் திறந்த புதிது. குடை ரிப்பேர் செய்யும் பெரியவருக்கு அறை கொடுத்தோம். கட்டில் கொடுத்தோம். மெத்தை கொடுத்தோம். சாவியும் கொடுத்தோம். அவர் எங்கே படுத்தார்? வராந்தாவில்! தன் கதவுக்கு வெளியே, வெறும் தரையில், குடைக்கம்பிப் பையைத் தலைக்கு வைத்து.

மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். “அறையை வெச்சுக்கிட்டு வெளிய படுக்கிறாரா? நாளைக்கே ரத்து பண்ணுங்க. எத்தனை பேர் கேட்டு நிக்கிறாங்க!”

ஆணையர் சிரிக்கிறார். அந்த மேலதிகாரி யாரென்று நான் சொல்லமாட்டேன்.

நாளை அறை போய்விடும். பெரியவர் மறுபடி தெருவுக்கு. ஒருவர் அறிவுரை சொன்னார். ஒருவர் பழக்கதோஷம் என்றார். அக்கா? அந்தத் தரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“என்னண்ணே, மெத்தை குத்துதா?”

“நல்லாத்தான் இருக்கும்மா. வேணும்னா நீ போய்ப் படு.”

“படுத்தா எந்திரிக்க மாட்டேன், என் வேலை போயிரும். விஷயத்தைச் சொல்லுங்க.”

பெரியவர் கதவைப் பார்த்தார். “வெளிய ஒரு தாழ்ப்பாள் இருக்கே, அது எதுக்கு?”

கதவில் நல்ல பூட்டு உண்டு. அதற்கு மேல் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாங்களே கேட்டுப் போட்டது.

“ஒரு தடவை ரோட்டுல படுத்தவங்களை எல்லாம் வண்டில ஏத்தி ஒரு கூடத்துல அடைச்சாங்க. காலைல திறக்கிறோம்னாங்க.”

“திறக்கலையா?”

“மறந்துட்டாங்கம்மா.”

மறந்துவிட்டார்கள்! அடித்திருந்தால் கோபம் வரும். திட்டியிருந்தால் பதில் வரும். மறந்துபோனால்? யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அக்கா எழுந்தார். ஸ்குரூடிரைவர் கேட்டார்.

“மேடம், அரசாங்கச் சொத்து” என்றார் காவலாளி.

“அதான் பத்திரமா எடுத்து வைக்கப்போறேன். ஸ்டூலைப் பிடிங்க.”

ஒரு கதவா? ஒரு மாடியா? அத்தனை கதவிலும் கழற்றினார்! மறுநாள் மேலதிகாரியின் மேசையில் தாழ்ப்பாள் குவியல்.

“ஐயா, இதை நம்ம வீட்டுப் படுக்கையறைக்கு வெளிய போட்டா நாம தூங்குவோமா?”

அவர் ஒரு தாழ்ப்பாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அறையை ரத்து செய்யவில்லை. அடுத்த வாரம் வராந்தா காலி. கதவுக்குள்ளிருந்து குறட்டை!

செங்கல் அடுக்கலாம். சுவர் எழுப்பலாம். மாடிமேல் மாடி கட்டலாம். உள்ளே இருப்பவர் நினைத்தால் திறந்து, நினைத்தால் மூடும் கதவு அமைந்த அன்றுதான் அது வீடு!

அன்று முதல் எங்கள் குடியிருப்பில் யார் வந்தாலும் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். ஒருமுறை அமைச்சரே நின்றார். உள்ளே அந்த அறையில் குடியிருக்கும் அம்மா குளித்துக்கொண்டிருந்தார்.

நாளை அக்காவின் நாற்காலி எனக்கு. அக்கா, நானும் தட்டுவேன். நிற்பேன்.

குடைக்காரப் பெரியவரே, அறையைப் பூட்டிவிட்டு வந்தீர்களா?

சாவியைத் தூக்கிக் காட்டுகிறார், பாருங்கள்! இதைவிடப் பெரிய பாராட்டுரை என்னிடம் இல்லை.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. அவரவர் கதவை அவரவர் கையால் திறந்து வீடு சேருங்கள். வணக்கம்!