சுடுதண்ணீர் வரும் அறை

சுடுதண்ணீர் இல்லாத ஹோட்டலுக்கு நம் ஜனங்கள் வரமாட்டார்கள். கட்டில் ஆடினால் பொறுத்துக்கொள்வார்கள், திரைச்சீலை சாயம் போயிருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் குழாயைத் திறந்ததும் ஆவி பறக்க வேண்டும். எகிப்தில் கட்டடம் கட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டுக் குளியலறையிலும் ஒரு கேஸ் ஹீட்டர் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

நீங்கள் என்னை விசாரணைக்கு அழைத்தது, போன மாதம் அந்த ஹோட்டலில் இறந்துபோன புதுமணத் தம்பதியைப் பற்றிக் கேட்க. சொல்கிறேன். ஆனால் அதற்கு முந்தின குளிர்காலத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். அவசரப்படாமல் கேளுங்கள். எழுதிக்கொள்கிற தம்பியும் டீயைக் குடித்துவிட்டு எழுதட்டும், ஆறிப்போகிறது.

செங்கடலோரம் சுக்னா கடற்கரையில் அந்தக் கேளிக்கைப் பூங்கா திறந்தபோது அதற்குள் பெரிய ஹோட்டல்கள் மட்டுமே இருந்தன. அங்கே ஒரு ராத்திரி தங்க ஆகும் செலவை என் அப்பாவிடம் சொல்லியிருந்தால், பையன் ஏதோ விளையாடுகிறான் என்று சிரித்திருப்பார். அவர் மஹல்லா நகரத்தில் நூற்பாலைத் தொழிலாளி. அதனால், பூங்காவின் பின்பக்கம் சாதாரணக் குடும்பங்களுக்கென்று குறைந்த வாடகையில் புது ஹோட்டல்கள் கட்டப்போகிறோம், நீதான் தலைமை என்ஜினியர் என்று கம்பெனியில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பஸ் டிரைவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து படுத்து, காலையில் திரையை விலக்கினால் எதிரே ராட்டினம் நிற்கும். எனக்கு அது வெறும் வேலை இல்லை. வாடகை ஏறிவிடக் கூடாது என்று ஆணியைக்கூட எண்ணி வாங்கினேன்.

முதல் திட்டத்தில் மின்சார ஹீட்டர்தான் இருந்தது. கரண்ட் செலவைக் கணக்குப் போட்டால் வாத்தியார் வரமுடியாது என்று தெரிந்தது. கேஸ் ஹீட்டருக்கு மாற்றினோம். எரிந்த கேஸின் நச்சுக்காற்றைக் கொண்டுபோகும் அதன் புகைக்குழாய் வெளிச்சுவர் வழியாக வெளியே போக வேண்டும். பூங்காக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மிட்டாய் நிறத்தில் பூசிய சுவரில் கரி பிடித்த குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ராட்டினத்தில் இருப்பவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்களாம். அதுவும் நியாயம்தான். எல்லாக் குழாய்களையும் உள்பக்கம் திருப்பி, கட்டடத்தின் நடுவே மொட்டைமாடிவரை போகும் ஒரே புகைக்கூண்டில் விட்டோம். பிறகு கூண்டின் வாய்க்கு மேலேயே ஹோட்டலின் பெயர்ப்பலகையைத் தூக்கி வைத்தார்கள். நான் தலையாட்டினேன்.

மேல்மாடியில் ஒரு மத்தியானம் ஹீட்டரை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் சிகரெட்டைப் பிடித்துப் பார்த்தேன். புகை குழாய்க்குள் ஏறியது. சந்தோஷம். மறுநாள் கடலிலிருந்து காற்று பலமாக அடித்தது. அன்றும் பிடித்தேன். புகை திரும்பி என் முகத்துக்கே வந்தது.

இப்போது என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? குழாய்களை மாற்றுவதென்றால் சுவரையெல்லாம் உடைக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைக்குத் திறப்பதாகத் தொலைக்காட்சியில் விளம்பரமே வந்துவிட்டது. வாடகையும் ஏறும். அது உண்மையிலேயே ஆபத்தா, இல்லை கொஞ்சம் புழுக்கம் மட்டும்தானா என்று முதலில் தெரிய வேண்டாமா? காகிதத்தில் போடும் கணக்கு இதற்கு உதவாது. என்ஜினியர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பார்கள். நம் ஜனங்கள் அப்படியா? குளித்த உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று இருக்கிற ஓட்டையையெல்லாம் அடைப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். அவர்கள் குளிப்பதுபோல யாராவது குளித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் காவல்காரன் பெயர் பகீத். தெற்கே சோஹாக் பக்கத்து ஆள். கட்டடம் எழும்பும்வரை காவல்காரன் குடும்பத்தோடு அதற்குள்ளேயே குடியிருப்பதும், கதவு மாட்டியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவன் மனைவி நஃபீஸா மாடிப்படிக்குக் கீழே சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தினாள். கைக்குழந்தை அங்கேதான் பிறந்தது. மூத்தவள் வர்தாவுக்கு ஆறேழு வயது இருக்கும். கதவே இல்லாத அறைகளுக்கெல்லாம் அவளே எஜமானி, கொத்தனார்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லுவாள்.

அவர்கள் கிளம்பும் நாள் நெருங்கியதும் நான் ஒரு சாவியைக் கொண்டுபோய் நீட்டினேன். பூங்காவைப் பார்த்த மேல்மாடி அறை.

"ஒரு ராத்திரி நீங்கதான் இங்க விருந்தாளி" என்றேன். "காசு கிடையாது."

பகீத் சாவியைத் தொடவே பயந்தான். "எதுக்குங்க ஐயா இதெல்லாம்? எங்களுக்குப் படிக்கட்டே போதும்."

"ஆமா, போதும்!" என்றாள் நஃபீஸா. "நீ போய்ப் படிக்கட்டைக் கட்டிக்கிட்டுப் படு. இத்தனை நாளா சிமென்ட்ல பெரண்டு பெரண்டு என் முடியே செங்கல்லா போச்சு. ஐயா மனசு வந்து கொடுக்குறாரு, வாயை மூடு."

"பொம்பளைக்கு ஆசையப் பாரு ஐயா. காவக்காரன் மெத்தையில படுத்தா விடியறதுக்குள்ள கம்பியெல்லாம் காணாமப் போயிடும். நான் வாசல்லயே இருந்துக்கிறேன், இவங்க தூங்கட்டும்."

வர்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, ஜன்னல்லேருந்து ராட்டினம் தெரியுமா?"

"தெரியும்டா கண்ணு. லைட்டு போட்டுக் காட்டச் சொல்றேன்."

சொன்னபடி பூங்கா ஆட்களிடம் சொல்லி விளக்கைப் போடவும் வைத்தேன். நஃபீஸாவிடம், "சுடுதண்ணி எவ்வளவு வேணும்னாலும் விடும்மா, யாரும் கேட்கமாட்டாங்க. பிள்ளைகளை நல்லாக் குளிப்பாட்டு" என்றேன். "உங்க பிள்ளைகளுக்கு ஆண்டவன் ஆயுசைக் கொடுக்கட்டும் ஐயா" என்றாள் அவள். இதில் நான் மனதார மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுவரை யாரும் ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லை.

பகீத் முதலில் வெள்ளிக்கிழமை தங்கலாமா என்றுதான் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை காற்று இல்லை. செவ்வாய்க்கிழமை கடல் பொங்கியது, கொடிகளெல்லாம் படபடவென்று அடித்தன. அன்று மத்தியானம் சாவியைக் கொடுத்தேன்.

பொழுது சாய்ந்ததும் எதிரே இருந்த என் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராட்டினத்தில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் வர்தா நின்று கையை ஆட்டினாள், யாருக்கு என்று தெரியவில்லை. பிறகு குளியலறை விளக்கு எரிந்தது. நான் கொஷரி வாங்கி வைத்திருந்தேன், அதைச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன், குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரவு இஷா தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

ஏன் ஓடிப்போய்க் கதவைத் தட்டவில்லை என்று கேட்கிறீர்கள். நானும் எழுந்தேன், செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டேன். பாதியில் தட்டியிருந்தால் அந்தப் புகை ஆளைக் கொல்லுமா, வெறும் மயக்கத்தோடு விட்டுவிடுமா என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பிறகு இன்னொரு குடும்பத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அது நியாயமாகப் படவில்லை.

காலையில் போனேன். பகீத் வாசலில் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தான்.

"எழுந்துட்டாங்களா?" என்றேன்.

அவன் வாயில் விரலை வைத்தான். "சத்தம் போடாதீங்க ஐயா. பொறந்ததிலேருந்து முதல் தடவையா மெத்தையில தூங்குறாங்க. எழுப்ப மனசு வரல. கிடக்கட்டும் கொஞ்ச நேரம்."

அவித்த மொச்சையும் ரொட்டியும் வைத்திருந்தான். சேர்ந்து சாப்பிட்டோம். நடுவில் ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்த்து, "மகாராணி தூங்குறா பாருங்க" என்று சிரித்தான். மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்த பிறகுதான் மேலே போனான். அவன் போட்ட சத்தம் கீழே கேட்டது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பேரும் குளியலறையிலேயே கிடந்தார்கள். கதவின் கீழே காற்று வர விட்டிருந்த சல்லடையில் குழந்தையின் போர்வை திணிக்கப்பட்டிருந்தது. நான் எதிர்பார்த்ததுதான். வந்த போலீஸ்காரர் அந்தப் போர்வையைத்தான் முதலில் பார்த்தார். கிராமத்துப் பெண், விவரம் தெரியாமல் அடைத்துவிட்டாள் என்றார். மறுத்துப் பேச எனக்கு என்ன ஆதாரம் இருந்தது?

பகீத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். "பாவி, உன் கையாலேயே பிள்ளைகளைக் கொன்னுட்டியேடி" என்று செத்துக்கிடந்தவளைப் பார்த்துக் கத்தினான். ஊருக்கு மூன்று உடல்களையும் கொண்டுபோக வண்டி நான்தான் ஏற்பாடு செய்தேன். வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்து முத்தமிட்டான். "நீங்க நல்லதுதான் நெனச்சீங்க ஐயா. அவதான் கெடுத்துட்டா" என்றான். பிள்ளைகளை ஒரு குழியிலும் அவளைத் தள்ளி வேறு குழியிலும் புதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவன் பிடிவாதமாக அப்படிச் செய்தானாம்.

சரி, அப்புறம் ஏன் குழாய்களை மாற்றவில்லை என்பீர்கள். அந்தப் போர்வைதான் காரணம். குழாயால் செத்தார்களா, போர்வையால் செத்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. நான் அவர்கள் தங்குவதற்கு முன்பே அந்த அறையில் ஹீட்டரை ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன், அதை உங்களிடம் சொல்ல விட்டுப்போயிற்று. தலை பிளப்பதுபோல வலித்து, வாந்தி எடுத்தேன். ஆனால் அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது என்று நினைக்கிறேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு சுவரை உடைக்க முடியாது. சல்லடையை அடைக்காதீர்கள் என்று எல்லாக் கதவிலும் ஒட்டச் சொன்னேன். விடுமுறைக்குக் குறித்தபடி திறந்தோம். இனி நிறையப் பேர் தங்குவார்கள், ஒருநாள் தானாகத் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன்.

ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியார்கள் வந்தார்கள், டிரைவர்கள் வந்தார்கள், பிள்ளைகள் ஜன்னலில் நின்று கையை ஆட்டின. போன மாதம் கடல்காற்று அடித்த அன்று அந்தத் தம்பதி வந்தார்கள். இன்று காலை உங்கள் ஆள் சொன்னார், அவர்கள் அறையில் சல்லடை திறந்தே இருந்ததாம். ஒரு துணிகூட அதில் இல்லையாம். குழாய்தான் என்று இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். நஃபீஸா மேல் தப்பில்லை என்று சோஹாகுக்கு ஆள் அனுப்பிப் பகீத்திடம் சொல்லிவிடுங்கள். பாவம், அவன் மனசு கொஞ்சம் ஆறும்.