நான்கு கோடி வயதுத் தேனீ

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தேநீர் உள்ளே போனால்தான் எனக்குப் பேச்சு வரும். கேட்காமலேயே வரவழைத்துக் கொடுத்தீர்கள், ஐயா. நன்றி. இனிக் கோவையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் மரப்பிசினோடுதான் மாரடிப்பு. பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்து இறுகினால் அம்பர். சில நூறு ஆண்டு மட்டும் கிடந்திருந்தால் கோப்பல். பார்வைக்கு இரண்டும் ஒரே தேன் நிறக் கல். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுக் கட்டைவிரலை வைத்துப் பார்ப்போம். அம்பர் அசைந்து கொடுக்காது. கோப்பல் இளகி விரலில் ஒட்டும். கையுறை போட்டால் அந்த ஒட்டல் சரியாகத் தெரியாது என்பதால் என் காலத்து ஆட்கள் வெறும் விரலையே வைப்போம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லைப் பார்த்து, அம்பர், வயது நான்கு கோடி என்று எழுதினேன். உள்ளே ஒரு குட்டித் தேனீ. அந்தத் தேனீ இனத்துக்கு என் பெயரையே சூட்டினார்கள். வாசல் கூடத்தில் ஆள் உயரத்துக்கு அதன் படம் இருக்கிறது. பக்கத்தில் நானும் நிற்கிறேன், தலை நிறைய முடியோடு. கல்லைக் கணிப்பதில் நான் தவறியிருக்கலாம், மனிதன்தானே. அப்போது எங்களிடம் உருப்படியான கருவி எதுவும் கிடையாது. தெரிந்து செய்ததில்லை என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகள் நான்கு ஆண்டுகளாக என்னிடம்தான் வேலை பார்த்தாள். வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். சின்ன வயதில் கடிகாரம், ரேடியோ எதையும் விட்டுவைக்க மாட்டாள். எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை உருப்பெருக்கியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, இங்க வாங்களேன். உங்க தேனீக் கல்லுக்கு மேல இருந்த பூச்சு ஓரத்துல உரிஞ்சிருந்தது. புதுசாப் பூசலாம்னு முழுசா எடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“கோவிச்சுக்காதீங்க. அடியில பாருங்க, கட்டைவிரல் ரேகை. கல்லுலயே பதிஞ்சிருக்கு. இது அம்பரே இல்ல மாமா, கோப்பல். எவனோ அப்பவே சோதிச்சுப் பாத்துட்டு, பூச்சைப் பூசி மறைச்சு உங்க தலையில கட்டியிருக்கான். என் மாமா பேரைக் கெடுத்தவனை நான் சும்மா விடப்போறதில்ல. கல்லைத் தொட்ட எல்லாரோட ரேகையும் எடுக்கப் போறேன். மதியம் மை வாங்கிட்டு வரேன். முதல் ஆள் நீங்கதான், சரியா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கவலையாகிவிட்டது. என்னை நினைத்து அல்ல, கல்லை நினைத்து. பூச்சு போன கல் காற்று பட்டால் மங்கி, வெடிப்பு விட்டுவிடும்.

அதற்காகத்தான் அரிய கற்களை ஓர் அறையில் நைட்ரஜன் நிரப்பி வைத்திருக்கிறோம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஆள் உள்ளே போவதற்கு முன் அதை வெளியேற்றிக் காற்றை நிரப்ப வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அலறும் பெட்டி ஒன்றும் உள்ளே உண்டு. அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்க என்று ஏற்கெனவே கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்து என்னுடையதுதான். கதவில் தொங்கும் பலகையை ‘உள்ளே போகலாம்’ என்ற பக்கத்துக்குத் திருப்பினேன்.

“கல்லை உள்ள வச்சுட்டு வாம்மா. மத்ததை மதியம் பாத்துக்கலாம்,” என்றேன்.

“சரி மாமா,” என்று போனாள்.

கதவைத் திறந்து போட்டால் மற்ற கற்களும் கெடும். அதனால் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை கேட்கவில்லை. வலித்திருக்காது, அதை உறுதியாகச் சொல்ல முடியும். அக்காவுக்கு நானே போன் செய்தேன். இப்படிப்பட்ட செய்தியை வெளியாள் வாயால் கேட்கக் கூடாது.

கல்லை ஏன் நொறுக்கிப் போடவில்லை என்று கேட்டீர்கள். அவள் கையில்தான் இருந்தது. எடுத்து, துடைத்து, அதற்குரிய இழுப்பறையில் வைத்தேன். நொறுக்க மனம் வரவில்லை, ஐயா. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

காலையில் உங்கள் காவலர் என் கட்டைவிரலில் மை தடவித் தாளில் வைத்து, நன்றாக அழுத்துங்கள் என்றார். மூன்று முறை வைத்தும் ரேகை சரியாக விழவில்லை. பாவம், அவர் சலித்துக்கொண்டார். அந்தக் கல்லில் எனக்கு இவ்வளவு சிரமம் இருக்கவில்லை. ஒரு சொட்டு விட்டேன், லேசாகத்தான் வைத்தேன், முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது.