கதவோரச் செம்புத் தகடு

தனியாகச் சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது, இன்ஸ்பெக்டர் சார். கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. இரண்டாயிரத்து நான்கில் பாண்டிச்செல்வி என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகுதான் மதியச் சாப்பாடு ருசித்தது. கருவாட்டுக் குழம்பை என் தட்டில் ஊற்றி, "வெக்கப்படாமச் சாப்பிடுங்க சார்" என்பாள்.

அவள் செய்தது வெள்ளிப் படலம். கண்ணாடித் துண்டின் மேல் நானோ வெள்ளித் துகள்களைச் சீனி தூவியதுபோல ஒன்றோடொன்று ஒட்டாமல் படிய வைத்து, மின்சாரம் அந்த இடைவெளிகளை எப்படித் தாண்டுகிறது என்று அளப்பாள். உடம்பில் சேர்ந்த மின்சாரம் விரல் வழியே பொறியாகப் பாய்ந்தால் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். படலம் செத்துவிடும்.

அவளுடைய அம்மா சின்னத்தாய்க்குத் திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. அங்கே அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பின் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். அதேபோல ஒன்றை எங்கள் ஆய்வகக் கதவோரம் பொருத்தச் சொன்னவள் பாண்டிச்செல்விதான். படலங்கள் பிழைத்தன. பட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. பெங்களூரில் வேலையும் தயாராக இருந்தது.

தகட்டிலிருந்து மண்ணுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

படலங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. தகட்டைத் தொட்டுவிட்டு வந்து பார்த்தாள், தொடாமல் வந்து பார்த்தாள். இரண்டிலும் முடிவு ஒன்றாகத்தான் இருந்தது.

"தகட்டுல ஒண்ணுமே இல்ல போலயே சார். எங்க அம்மா இம்புட்டு நாளும் சும்மாதான் தொட்டிருக்கு."

"இருக்கலாம்" என்றேன்.

அவள் பட்டம் தள்ளிப்போன இரண்டு வருடமும் நன்றாகச் சாப்பிட்டேன். உதவித்தொகை நின்றதும், தீபாவளி சீசன் வேலைக்கென்று அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

கம்பெனியில் வெடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து அடைக்கும் அறையில் இருந்த நால்வரில் சின்னத்தாய் மட்டும்தான் மீதி.

"தொட்டுட்டு வாடின்னேன் சார். அதுல ஒண்ணுமில்லம்மா, நான் சோதிச்சுப் பாத்துட்டேன்னு சிரிச்சா. படிச்ச புள்ள சொல்லுதேன்னு மத்தவுகளும் தொடாம விட்டுட்டாக."

கம்பியைக் கழற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள். ஓரிடத்தில் எடுத்த அளவை வைத்து எல்லா இடத்துக்கும் முடிவு கட்டாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.