பச்சை வாளியில் வந்த இலந்தை இலை

இப்போது இரவு பதினொன்று தாண்டியிருக்கும். கல்முனையிலிருந்து வயல் பக்கம் போகிற வீதி... கடைசி விளக்குக் கம்பத்துக்குப் பிறகு ஒரு வீடும் கிடையாது. வீதி முடிகிற இடத்தில்தான் ஊர்க் கழிவில் வாயுவும் பசளை உரமும் எடுக்கிற நிலையம். பயந்தவர்கள் இப்போதே எழும்பிப் போங்கள். பிறகு தனியாகப் போக மாட்டீர்கள். என் கூட்டாளி நிப்றாஸின் மாமா அப்துல் ஸமட்டுக்கு நடந்தது இது.

ஸமட் அங்கே இராக்காவல். மனைவி ஹாஜறா மௌத்தானபோது அவர் சவூதியில். மையத்தை வைத்துக் காத்திருக்க முடியுமா? அடக்கிவிட்டார்கள். திரும்பி வந்தவருக்கு, "வந்துட்டீங்களா?" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் இரவைக் கழிக்க முடியவில்லை. இந்த வேலையைக் கேட்டு வாங்கினார். இங்கேயும் கதைக்க ஒரு நாய்கூட இல்லை. சமையல் கழிவைத் தொட்டி மாதிரிப் பெரிய தாங்கிக்குள் கரைத்து விடுவார்கள். அதில் வரும் வாயுவில் ஓர் அடுப்பு. அதில் தேத்தண்ணி வைத்துக் குடித்துக்கொண்டு விடியும்வரை இருப்பார்.

ஒரு மாலை, கழிவு ஏற்றிவந்த நிப்றாஸ் பச்சை வாளி ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டினான்.

"மாமா, இது ஸம்றாட ஊட்டு வாளி. நேத்து மௌத்தான புள்ள. மையத்தக் குளிப்பாட்டின எலந்த எலய அவசரத்துல இதுக்குள்ள போட்டுட்டாங்க. மண்ணுல பொதச்சிடுங்க."

"புருஷன் வந்தானா?"

"இல்ல மாமா. கட்டார்ல. டிக்கட் கிடைக்கல்லயாம்."

அந்த இலையைக் கால் படாத இடத்தில் புதைப்பதுதான் வழக்கம். ஸமட் மண்வெட்டியையும் எடுத்தார். ஆனால் மூடியைத் திறந்ததும் மையத்துக்கு இடுகிற கற்பூர வாசம்... ஹாஜறாவின் மேல் கடைசியாக இருந்த வாசமும் இதுதானே. அதை முகரக்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாளியைத் தாங்கிக்குள் கவிழ்த்துவிட்டார்.

சில இரவுகள் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இரவு... அடுப்பைப் பற்றவைத்தார். நீலச் சுடர். அதிலிருந்து கற்பூர வாசம். தாங்கிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம். சளார்... நின்றது. சளார்... யாரையோ சாய்த்துச் சாய்த்துக் குளிப்பாட்டுகிற மாதிரி. டோர்ச் அடித்துப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. முதுகுக்குப் பின்னால், மெல்ல...

"வந்துட்டீங்களா?"

ஹாஜறாவின் குரல் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். யாருக்காகக் காத்திருக்கிற குரல் என்பதும் தெரியும். ஓடியிருக்கலாம். ஆயத்துல் குர்ஸி ஓதியிருக்கலாம். பாவம் மனுஷன்... அந்த ஒரு கேள்விக்காக எவ்வளவு காலம் ஏங்கிக் கிடந்தார்!

"ஓம்," என்றார். "வந்துட்டன்."

அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அது கேட்டது. ஒவ்வோர் இரவும் அவர் பதில் சொன்னார்.

மழை விட்ட ஓர் இரவு, வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸம்றாவின் புருஷன் அஹ்ஸன். கட்டாரிலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"கபுறடிக்குப் போனன், காக்கா. அவள அடக்கின எடத்துல அவ இல்லாத மாதிரிக் கெடக்கு. எலந்த எல இங்க வந்ததாமே... எங்க பொதச்சீங்க? அந்த எடத்தயாவது பாத்துட்டுப் போறன்."

ஸமட் கேற்று வாசலை மறித்து நின்றார். உள்ளே... சளார்.

"வந்துட்டீங்களா?"

அஹ்ஸன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "உள்ள ஆரு?"

வழியை விட்டு ஒதுங்கினால் போதும், அவள் தன் புருஷனோடு போய்விடுவாள். நாளை இரவு தன்னை யார் கேட்பார்? ஸமட்டின் கை தானாகக் கேற்றைச் சாத்தியது.

"ஒருத்தருமில்ல, தம்பி. நீங்க போங்க."

விடியற்காலை நிப்றாஸ் வந்தபோது, ஈர மண்ணில் மோட்டார் சைக்கிள் திரும்பிப் போன தடம் இருந்தது. அதன் பின்னாலேயே வெறுங்கால் தடம்... சின்னக் கால், பெண்பிள்ளைக் கால். பூட்டியிருந்த கேற்றுக்கு வெளியே தொடங்கி, கடைசி விளக்குக் கம்பம் வரை ஓடியிருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது.

பிறகு, மெல்ல மெல்ல நடந்து, மாமாவின் அடுப்படிக்கே திரும்பி வந்திருந்தது.